அந்த அறைக்கு ஒரு தாழ்ப்பாள்

கேள்வி: என் மகளுக்கு 29 வயது. ஆறு வருடத்துக்கு முன் ஸ்கூட்டர் விபத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். கூட வேலை செய்யும் பையனோடு இரண்டு வருடமாகப் போனில் பேச்சும் சண்டையும். இப்போது கட்டிக்கொள்கிறேன் என்கிறான். பரிதாபத்தில் சொல்கிறானோ? இந்த உடம்போடு தாம்பத்தியம், குழந்தையெல்லாம் எப்படி? மாதவிலக்குச் சிரமத்துக்குக் கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம் என்கிறார் நாத்தனார். விழுந்தால் தெரியாதே என்று அவள் அறைத் தாழ்ப்பாளைக்கூடக் கழற்றிவிட்டோம்.
- ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: நாத்தனார் சொன்னதை எழுதிவிட்டீர்கள். மகள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லையே, அம்மா?

சரி, உடம்பு விஷயத்துக்கு வருவோம். முதுகுத்தண்டில் அடிபட்டதால் கர்ப்பப்பையும் சினைப்பையும் கெட்டுப்போவதில்லை. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறது என்றால் பொதுவாகக் கருத்தரிக்கவும் முடியும். ஆனால் கர்ப்ப காலத்தில் சிறுநீர்த் தொற்று, படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அடிபட்ட இடத்தைப் பொறுத்து, பிரசவ வலி தெரியாமலே போகலாம். தாம்பத்தியமும் முடியும். முன்னதாகச் சிறுநீரை வெளியேற்றிவிடுவது, இடுப்புக்குத் தலையணை வைப்பது என்று சின்னச் சின்ன ஏற்பாடுகள்தான். ஆசை கழுத்திலும் காதோரத்திலும் இருக்கிறதே! மறுவாழ்வு மருத்துவர்களிடம் இதையெல்லாம் கூசாமல் கேட்கலாம். வேலூர் சிஎம்சியில் அந்தத் துறையை வளர்த்த டாக்டர் மேரி வர்கீஸே 1954 விபத்துக்குப் பின் சக்கர நாற்காலியிலிருந்து அறுவை சிகிச்சை செய்தவர். மகளையும் அந்தப் பையனையும் மட்டும் டாக்டரிடம் உள்ளே அனுப்பிவிட்டு நீங்கள் வெளியே உட்காருங்கள்.

நாத்தனாரின் யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். உங்கள் மகளின் சம்மதமில்லாமல் கருத்தரிக்க முடியாதபடி எந்தச் சிகிச்சையும் செய்யக்கூடாது என்கிறது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 1994இல் புனேயில் அறிவு வளர்ச்சி குறைந்த பெண்களுக்கான ஓர் அரசு இல்லத்தில் இருந்தவர்களுக்கு இதே காரணத்தைச் சொல்லித்தான் கர்ப்பப்பையை எடுத்தார்கள். நாடே கொதித்தது.

பரிதாபப்படுகிறவன் ஆப்பிள் வாங்கிக்கொண்டு ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போவான். இரண்டு வருடம் சண்டை போட மாட்டான். ஆனாலும் சம்பளம், குடி, கோபம் என்று எந்த மாப்பிள்ளைக்கும் விசாரிப்பதை இவனுக்கும் விசாரியுங்கள்.

அப்புறம், அந்தத் தாழ்ப்பாள். வெளியிலிருந்து சாவி போட்டுத் திறக்கிற மாதிரி பூட்டுகள் கடையில் கிடைக்கின்றன. விழுந்தால் என்ன ஆகுமோ என்ற பயம் வேண்டாம். நாளைக்கே தச்சரைக் கூப்பிடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடி அவள் கை எட்டுகிற உயரம் எது என்று அவளையே காட்டச் சொல்லுங்கள்.