கால் அசைவதும் கால் வருவதும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நானும் சுங்கை சிப்புட்டுதான். என் அண்ணனுக்கு வயது 38. நான்கு மாதத்துக்கு முன் செம்பனைக் குலை ஏற்றும்போது லோரி மேலிருந்து மல்லாக்க விழுந்துவிட்டார். மார்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. முதலில் இரண்டு காலும் துணி மாதிரி கிடந்தன. இப்போது போர்வையை இழுத்தாலோ உள்ளங்காலைத் தொட்டாலோ கால் வெடுக்கென்று மடங்குகிறது. கால் வந்துவிட்டது என்று வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். டாக்டரோ அது வெறும் அனிச்சைச் செயல்தான் என்கிறார். தண்டுவடம் என்பது மூளையிலிருந்து வருகிற வயர்தானே ஐயா? வயர் அறுந்திருந்தால் கால் எப்படி அசையும்? டாக்டர் சொல்வது சரியா? முதுகை உருவிவிடும் ஒருவரிடம் கூட்டிப்போகலாமா? ஸ்டெம் செல் ஊசி என்று கைப்பேசியில் விளம்பரமும் வருகிறது.

அண்ணன் தைரியமாகத்தான் இருக்கிறார். சிரமப்படுத்த வேண்டாம் என்று மல்லாக்கவே படுக்க வைத்திருக்கிறோம். வால் எலும்புப் பக்கம் கொஞ்சம் சிவந்திருக்கிறது, ஆனால் வலிக்கவில்லை என்கிறார்.

க.,
சுங்கை சிப்புட்

அன்புள்ள க.,

கடிதம் வந்த அன்றே உங்களுக்குத் தனியாக எழுதினேன்: முதலில் அண்ணனை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், சிவப்பை டாக்டரிடம் காட்டுங்கள், மற்றதைப் பிறகு பேசுவோம் என்று. செய்தீர்களா என்று பதில் வரவில்லை. அதனால் இங்கே எல்லாரும் பார்க்கும்படி எழுதுகிறேன். "சிரமப்படுத்த வேண்டாம்" என்று அன்போடு ஒரு மனிதனை மல்லாக்கப் போட்டு வைத்திருக்கும் வீடு உங்களுடையது மட்டுமாக இருக்காது.

இன்னொரு காரணமும் உண்டு. போன மாதம் அம்மாவின் இரும்புப் பெட்டியை ஒழித்தபோது அடியில் சுருட்டிக் கட்டிய பழைய நாட்காட்டிகள் கிடைத்தன. வருஷம் பிறந்தால் சீனக் கடையில் கொடுப்பார்களே, கட்டம் கட்டமாகப் பெரிய எண் போட்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் சிவப்பு மையில். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் பென்சிலால் நெட்டுக்கோடு, படுக்கைக்கோடு, வட்டம். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நெட்டுக்கோடு இடப்பக்கம், படுக்கைக்கோடு வலப்பக்கம், வட்டம் என்றால் மல்லாக்க. பத்தொன்பது வருஷத்து நாட்காட்டிகள். அவற்றைத் தரையில் விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வாரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

முதலில் இந்த வயர் பேச்சை விடுங்கள். வயருக்குப் புத்தி கிடையாது. தண்டுவடத்துக்கு உண்டு. வளர்ந்த ஆளுக்கு அது ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் நீளம், சுண்டுவிரல் பருமன், இளநீர் வழுக்கை போல மென்மை. மூன்று உறைகளுக்குள், நீர் சூழ, முதுகெலும்பின் நடுவே உள்ள குழாயில் இருக்கிறது. எலும்பு வேறு, வடம் வேறு. எலும்பு நொறுங்கியும் வடம் தப்பியவர்கள் எழுந்து நடக்கிறார்கள். எலும்பில் கீறல்கூட இல்லாமல் வடம் நசுங்கியவர்களும் உண்டு. வடம் முதுகின் அடிவரை போவதும் இல்லை. கருவில் மூன்றாம் மாதத்தில் இரண்டும் ஒரே நீளம். பிறகு எலும்பு வேகமாக வளர, வடம் பின்தங்கிவிடுகிறது. பெரியவர்களுக்கு இடுப்புப் பகுதியின் முதல் இரண்டு முள்ளெலும்புகள் மட்டத்திலேயே அது முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்புகள்தான் கொத்தாகத் தொங்குகின்றன. குதிரைவால் என்றே அதற்குப் பெயர். காலை ஆட்டிவைக்கும் பகுதி கடைசி விலா எலும்புகள் முதுகில் வந்து சேரும் மட்டத்தில், வடம் சற்றுப் பருத்திருக்கும் இடத்தில் இருக்கிறது. உங்கள் அண்ணனுக்கு அடிபட்டது அதற்கு ஏறக்குறைய ஒரு சாண் மேலே. ஆகவே கீழே உள்ள துண்டு சாகவில்லை. அதற்கு ரத்தம் போகிறது, அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

என்ன வேலை? வடத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் சாம்பல் நிறத்தில் பட்டாம்பூச்சி வடிவம் தெரியும். நரம்புச் செல்கள் இருப்பது அங்கே. சுற்றியுள்ள வெள்ளைப் பகுதி மூளைக்குப் போகும் இழைகளும் மூளையிலிருந்து வரும் இழைகளும். உடம்பின் செய்தி பின்பக்க வேர் வழியாக உள்ளே வருகிறது, தசைக்கான கட்டளை முன்பக்க வேர் வழியாக வெளியே போகிறது. பிரான்சில் மஜாந்தி என்ற டாக்டர் 1822இல் இதைச் சோதனை செய்து காட்டினார். தோட்டத்து ஆளுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். காட்டில் தீப்பிடித்தால் துரையின் உத்தரவு வரட்டும் என்று ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் காத்திருக்க மாட்டார். ஆட்களை ஏவி அணைக்கச் சொல்லிவிட்டு, அதே நேரத்தில் ஆபீசுக்கும் ஒருவனை ஓட விடுவார். உள்ளங்காலில் ஏதாவது பட்டால் காலை இழுத்துக்கொள்ளச் சொல்வது வடத்துக்குள் இருக்கும் அந்த மண்டோர்தான். மூளைக்குச் செய்தி பின்னால்தான் போய்ச் சேரும். உங்கள் அண்ணனுக்கு ஆபீசுக்குப் போகிற வழியில் பாலம் உடைந்திருக்கிறது. மண்டோர் அவரிடத்தில் இருக்கிறார், ஓடியவன் ஆற்றங்கரையில் நிற்கிறான்.

முதல் சில வாரங்கள் கால் துணியாய்க் கிடந்ததற்கும் காரணம் உண்டு. மேலிருந்து வந்த தொடர்பு சட்டென்று நின்றுபோன அதிர்ச்சியில் கீழ்த் துண்டும் கொஞ்ச காலம் உறைந்துவிடும். அது தெளியத் தெளிய உதறல் கூடும். டாக்டர் சொன்னது சரி. அவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது வேறு: வடம் முழுதும் அறுபட்டதா, பாதி தப்பியிருக்கிறதா? ஆசனவாயைச் சுற்றி உணர்ச்சி இருக்கிறதா, அங்குள்ள தசையை அண்ணனால் தானாகச் சுருக்க முடிகிறதா என்று சோதித்திருப்பார்கள். நம்பிக்கை வைப்பதா வேண்டாமா என்பது அதில் இருக்கிறது. போர்வையை இழுத்து இழுத்துப் பார்ப்பதில் இல்லை. போர்வையை இழுத்து விளையாடுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

கடுமையாகச் சொல்கிறேன் என்று வருத்தப்படாதீர்கள் தங்கச்சி. அந்த விளையாட்டை நான் விளையாடியிருக்கிறேன்.

1976இல் எங்கள் தோட்டத்தில் மறுநடவுக்காகக் கிழட்டுப் பால்மரங்களைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். சாய்ந்த மரத்தின் கிளை ஒன்று எகிறி அப்பாவின் முதுகில் அடித்தது. தொப்புளுக்குக் கீழே எல்லாம் போயிற்று. எனக்குப் பதினொரு வயது. லயத்து வீட்டின் முன்கூடத்தில் கட்டில் போட்டுக் கிடத்தினோம். மூன்றாவது மாதம் ஈப்போவிலிருந்து அத்தை வந்தாள். பாசக்காரி. வந்த கையோடு அடுப்பில் மணலை வறுத்து, துணியில் முடிந்து, அப்பாவின் உள்ளங்காலில் ஒத்தடம் வைத்தாள். கால் வெடுக்கென்று மடங்கியது.

"அண்ணே, கால் வந்துருச்சு!"

லயமே கூடிவிட்டது. அம்மா அழுதுகொண்டே மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்தாள். அத்தை மறுபடி வைத்தாள், மறுபடி மடங்கியது. வந்தவர்களெல்லாம் தாங்களும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார்கள். மணல் ஆற ஆற மீண்டும் சுடவைத்தார்கள். என் கையிலும் முடிச்சைக் கொடுத்தார்கள். நானும் வைத்தேன். அப்பா தலையைத் தூக்கித் தன் காலை அதிசயமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சுடுதாப்பா என்று கேட்டேன். "ஒண்ணுமே தெரியலடா" என்று சிரித்தார்.

சாயங்காலம் போர்வையை விலக்கியபோது உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். தோட்டத்து டிரெசர் வந்து கட்டுப்போட்டார். போகும்போது வாசலில் நின்று கேட்டார்: "மத்தியானம் பூரா கால் இழுத்திருக்கே, ஏன் இழுக்குதுன்னு ஒருத்தருக்கும் தோணலையா?"

எனக்கு இப்போது அறுபது வயது. அந்தக் கேள்வி இன்னும் காதிலிருந்து போகவில்லை. கால் வரவில்லை, க. அந்தக் கால் சுடுகிறது சுடுகிறது என்று மத்தியானம் முழுவதும் கத்தியிருக்கிறது. அப்பாவுக்கே கேட்காத கத்தல். நாங்கள் கைதட்டினோம்.

புண் ஆற ஐந்து மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார். அங்கே ஒரு மலாய்த் தாதி அம்மாவைக் கூடவே நிற்க வைத்து, எப்படிப் புரட்டுவது, தலையணையை எங்கே வைப்பது என்று கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. ராத்திரி எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு. நான்குக்குப் புரட்டிவிட்டு அம்மா அடுப்பு மூட்டிச் சமைத்து, விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடுவாள். பகலில் பாட்டி. பாட்டியால் தனியாக முடியாது என்பதால் பத்து மணி இடைவேளைக்கு நான் பள்ளியிலிருந்து ஓடி வருவேன். லயத்துக்கும் பள்ளிக்கும் நடுவே ஒரு திடல்தான். சாக்கட்டி படிந்த கையோடு அப்பாவின் இடுப்பைப் பிடித்துப் புரட்டியதும், அம்மா சொன்னபடி பென்சிலை எடுத்துக் கோடு போட்டதும் நினைவிருக்கிறது.

எதற்காக இதெல்லாம் என்று கேட்பீர்கள். நீங்கள் ராத்திரி எத்தனை முறை புரண்டு படுக்கிறீர்கள் என்று எண்ணியிருக்கிறீர்களா? எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தோல் நசுங்கும்போது அங்கே ரத்தம் போவது நின்றுவிடும். உடனே அந்த இடம் நோகிறது, அந்த நோவு தண்டுவடத்தின் வழியே ஏறுகிறது, தூக்கம் கலையாமலே புரண்டுவிடுகிறோம். உங்கள் அண்ணனுக்கு அந்த நோவு ஏறுவதற்கு வழி இல்லை. வலிக்கவில்லை என்று அவர் சொல்வது நல்ல செய்தி அல்ல, தாயே. அது அவருக்கு வலிக்கவே வலிக்காது. எலும்பு வெளியே தெரிகிற அளவு குழி விழுந்தாலும் அவர் தைரியமாகத்தான் படுத்திருப்பார்.

சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். வெளுத்துப் பிறகு சிவந்தால் இன்னும் ரத்தம் ஓடுகிறது, தப்பித்தீர்கள். அழுத்தியும் சிவப்பு அப்படியே நின்றால் உள்ளே சதை கெட ஆரம்பித்திருக்கிறது, அன்றைக்கே கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். இரண்டில் எதுவானாலும் அந்தச் சிவப்பு மறையும் வரை அவர் அதன்மேல் படுக்கவே கூடாது. தேய்க்காதீர்கள், எண்ணெய் போட்டு நீவாதீர்கள், நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணை வாங்காதீர்கள், ஒத்தடம் என்ற வார்த்தையே உங்கள் வீட்டில் வேண்டாம். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. கெண்டைக்காலுக்குக் கீழே ஒன்று, குதிகால் மெத்தையில் படாதபடி. புரட்டும்போது இழுக்காமல் தூக்கிப் புரட்டுங்கள். தினமும் குளிப்பாட்டும்போது முதுகு, இடுப்பு, குதிகால் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பாருங்கள்.

இது என் அம்மா கண்டுபிடித்த வைத்தியம் இல்லை. முதல் உலகப் போரில் தண்டுவடம் அறுபட்ட சிப்பாய்களில் பெரும்பாலோர் சில மாதங்களுக்குள் செத்தார்கள். அவர்களைக் கொன்றது படுக்கைப் புண்ணும் மூத்திரப்பையில் பிடித்த கிருமியும். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர் இவர்களுக்கென்று தனி வார்டு தொடங்கினார். ஜெர்மனியிலிருந்து அகதியாக வந்த யூதர். புது மருந்து எதையும் அவர் நம்பி நிற்கவில்லை. இரண்டு மணிக்கொரு தடவை, இரவு பகல் பாராமல், எல்லாரையும் புரட்டிப் போட வைத்தார். ஆட்கள் சாவது குறைந்தது. 1948இல் நம் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள் சுடப்பட்டு மலாயா முழுக்க அவசரகாலம் வந்ததே, அது நடந்து ஆறு வாரம் கழித்து, ஜூலை 29 அன்று, அவர் நடத்திய வில் வித்தைப் போட்டியில், போரில் காயம்பட்ட 16 பேர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அம்பு விட்டார்கள். இன்று பாராலிம்பிக் என்று தொலைக்காட்சியில் பார்க்கிறோமே, அதன் தொடக்கம் அது. புரட்டிப் புரட்டிப் போட்டு உயிரோடு வைத்திருந்த உடம்புகள்தான் அந்த வில்லைப் பிடித்தன.

மற்றவை. முதுகை உருவுகிறவரிடம் கூட்டிப்போகாதீர்கள். சுளுக்கு வேறு, இது வேறு. ஊசி விளம்பரத்தை அழித்துவிடுங்கள். அறுந்த வடத்தை ஒட்டவைக்கும் ஊசி இன்றுவரை இல்லை. இருக்கிற காசுக்கு நல்ல மெத்தை வாங்குங்கள். அண்ணனுக்கு அடி மார்பு மட்டத்தில் என்பதால் இன்னொன்றையும் வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்: திடீரென்று தலை வெடிப்பது போல வலித்து, முகம் சிவந்து வியர்த்தால், உடனே அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, மூத்திரக் குழாய் மடங்கியிருக்கிறதா, பை நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். அடங்காவிட்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. ரத்த அழுத்தம் தலைக்கேறி உயிரையே வாங்கிவிடும்.

அப்பா 1995இல் மாரடைப்பில் போனார். குளிப்பாட்டிய பெரியவர்கள் உடம்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் வந்து, பத்தொன்பது வருஷம் படுத்த உடம்பா இது என்றார்கள். முதுகில் ஒரு வடு இல்லை. உள்ளங்காலில் மட்டும் அந்த மத்தியானத்துத் தழும்பு இருந்தது.

சீனக் கடையில் இந்த வருஷத்து நாட்காட்டி இன்னும் கிடைக்கும். ஒன்று வாங்கி, அண்ணன் கண்ணில் படுகிற மாதிரி மாட்டுங்கள். பென்சிலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் எடுத்துப் போய்விடுவார்கள். அந்தச் சிவப்பு அழுத்தினால் வெளுக்கிறதா இல்லையா என்று இன்றைக்கே எனக்கு எழுதுங்கள்.