அமெரிக்கத் தொடக்கப் பள்ளியில் ஆங்கிலம் கற்கும் குழந்தைகளோடு வேலை செய்வது எப்படி இருக்கும்? ஸ்பானிஷ் தெரியாமல் சமாளிக்க முடியுமா?

கேள்வி கேட்டவர் கணவரின் வேலை நிமித்தம் அமெரிக்காவுக்கு வந்திருப்பதாகவும், அருகிலுள்ள தொடக்கப் பள்ளியில் உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்க எண்ணுவதாகவும் எழுதியிருக்கிறார். நான் வாஷிங்டன் நகரை ஒட்டிய வடக்கு வர்ஜீனியாவில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் ஒன்பது ஆண்டுகளாக இந்தப் பணியில் இருக்கிறேன். முதல் மூன்று ஆண்டுகள் வகுப்பு உதவியாளராகவும், அதன்பின் தகுதிச் சான்று பெற்று, ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் இஎஸ்எல் ஆசிரியராகவும். என் ஸ்பானிஷ் இன்றுவரை அரைகுறைதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதனால் வந்த சங்கடங்கள் உண்டு. ஆனால் ஸ்பானிஷ் தெரிந்தவர்களுக்கு வந்த ஒரு சங்கடத்தைப் பற்றித்தான் கீழே அதிகம் எழுதப்போகிறேன்.

என் நாள், பள்ளிப் பேருந்துகள் வந்து நிற்கும் வாசலில் தொடங்குகிறது. புதிதாக வந்த குழந்தை எந்த வகுப்புக்குப் போக வேண்டும், மாலையில் எந்தப் பேருந்தில் ஏற வேண்டும் என்பதைப் பையில் கட்டியிருக்கும் அட்டையைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். காலை உணவில் பன்றி இறைச்சி இருக்கிறதா என்று கண்ணாலேயே கேட்கும் ஆப்கன் குழந்தைக்குப் பதில் சொல்ல வேண்டும். 2021ஆம் ஆண்டு காபூல் தாலிபான் வசமான பிறகு எங்கள் பகுதிக்கு நிறையக் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. அவர்களுக்கும் நமக்கும் எதிர்பாராத ஓர் ஒற்றுமை உண்டு. கடவுச்சீட்டில் பெயர் ஒரே கட்டத்தில் இருந்தால், அமெரிக்க விசாவில் அது குடும்பப் பெயராகிவிடும். முதல் பெயருக்கான இடத்தில் 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கமாக எஃப்என்யு என்று அச்சாகிவிடும். ஒரு நாள் மாற்று ஆசிரியர் ஒருவர் வருகைப் பதிவை வாசித்தபோது 'ஃப்னு' என்று இரண்டு முறை கூப்பிட, ஓர் ஆப்கன் சிறுவனும் ஒரு தமிழ்ச் சிறுமியும் அது யாருடைய பெயர் என்று தெரியாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெயரைச் சரிசெய்வது என் பணி விவரத்தில் எங்கும் எழுதப்படவில்லை. ஆனாலும் ஒவ்வொரு செப்டம்பரிலும் நான் செய்யும் முதல் வேலை அதுதான்.

பாடவேளையில் இரண்டு முறைகள் உள்ளன. வகுப்பு ஆசிரியர் பாடம் நடத்தும்போதே உள்ளே போய்க் குழந்தைகளின் அருகில் உட்கார்ந்து உதவுவதைப் புஷ்-இன் என்றும், நான்கைந்து பேரைத் தனி அறைக்கு அழைத்துச் சென்று கற்பிப்பதைப் புல்-அவுட் என்றும் சொல்கிறோம். வந்து சில வாரங்களே ஆன குழந்தைக்குத் தனி அறை ஒரு நிம்மதி. ஆனால் அதே குழந்தையை ஓராண்டுக்குப் பிறகும் அறிவியல் சோதனை நடக்கும் நேரத்தில் வெளியே இழுத்துக்கொண்டு போவது அநியாயம் என்பது என் கருத்து. சக குழந்தைகளிடமிருந்து கற்கும் ஆங்கிலத்தில் பாதியைக்கூட என்னால் தர முடியாது.

புதியவர்களுக்கு நான் முதலில் கற்றுத்தருவது எழுத்தும் எண்ணும் அல்ல. 'கழிப்பறைக்குப் போகலாமா', 'வயிறு வலிக்கிறது', 'புரியவில்லை', 'இன்னொரு தடவை சொல்லுங்கள்' என்ற நான்கையும் வாக்கியமாகச் சொல்ல வராவிட்டாலும் படத்தைத் தொட்டுக் காட்டவாவது தெரிய வேண்டும். இந்த நான்கும் வந்துவிட்டால் குழந்தையின் தோள் சற்றே தளர்வதைக் கண்ணால் பார்க்கலாம்.

நாம் கடினம் என்று நினைக்கும் இடங்களில் அவர்கள் தடுக்கி விழுவதில்லை. டைனோசர் என்ற சொல்லைப் பன்னிரண்டு ஸ்டிக்கர்களோடு இரண்டே நாளில் பிடித்துக்கொள்ளும் குழந்தை, கணக்கில் மீதி எத்தனை என்ற பொருளில் 'ஹௌ மெனி ஆர் லெஃப்ட்' என்று கேட்டால் இடப்பக்கம் இருக்கும் ஆப்பிள்களை எண்ணத் தொடங்கும். முதல் வாரம் இடது கை எது என்று சொல்லிக்கொடுத்ததே நான்தான். டேபிள் என்றால் மேசை என்று கற்ற குழந்தையிடம், அறிவியல் புத்தகத்தில் உள்ள டேபிளை, அதாவது அட்டவணையைப் பார்க்கச் சொன்னால் அது புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு அடுத்த உத்தரவுக்குக் காத்திருக்கும். ஸ்பானிஷில் 'ஓன்சே' என்றால் பதினொன்று. அதன் எழுத்துகள் ஆங்கிலத்தின் 'ஒன்ஸ்' என்ற சொல்லுக்கும் அப்படியே பொருந்துவதால், 'ஒரு காலத்தில்' என்று தொடங்கும் ஆங்கிலக் கதைகள் எல்லாமே எங்கள் குழந்தைகளுக்குப் பதினொன்றில் தொடங்குகின்றன.

உச்சரிப்பில் எனக்கு ஒரு சாதகம் இருக்கிறது. சொல்லின் முதலில் இரண்டு மெய்யெழுத்துகள் சேர்ந்து வருவதைத் தமிழ் ஏற்பதில்லை என்பதால் என் பாட்டி 'இஸ்கூலு' என்பார். ஸ்பானிஷ் பேசும் குழந்தையும் இதேபோல் 'எஸ்கூல்' என்கிறது. அரபி பேசும் குழந்தைக்கு வல்லின ப் ஒலி தன் மொழியில் இல்லாததால் 'பென்' என்பதை மென்மையாக்கிச் சொல்லும். இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு வளர்ந்த எனக்கு, அந்தத் தடுமாற்றத்தைப் புரிந்துகொள்ள எந்தப் பயிற்சி வகுப்பும் தேவைப்படவில்லை. குழந்தைகள் என்னை 'டீச்சர்' என்று கூப்பிடுவதிலும் இப்படித்தான். அமெரிக்க ஆசிரியர்கள் பலர் அதை மரியாதைக் குறைவாக எண்ணித் திருத்துவார்கள். நமக்கோ அதைவிட மரியாதையான சொல் ஏது?

மரியாதையைப் பற்றி இன்னொன்று. இங்குள்ள ஆசிரியர்கள் கட்டளையைக் கேள்வியாகத்தான் சொல்வார்கள். 'நீயும் எங்களோடு தரைவிரிப்பில் வந்து உட்கார விரும்புகிறாயா?' என்று இனிமையாகக் கேட்டால், புதிதாக வந்த குழந்தை யோசித்துவிட்டு 'நோ' என்று நேர்மையாகப் பதில் சொல்லும். உடனே அதற்குப் பிடிவாதக்காரக் குழந்தை என்ற பெயர் வந்துவிடும். கண்டிக்கும்போது குழந்தை தலை குனிந்தால் 'என் கண்ணைப் பார்' என்பார்கள். பெரியவர்கள் திட்டும்போது கண்ணைப் பார்ப்பதுதான் திமிர் என்று கற்ற குழந்தை இன்னும் கீழே குனியும். இந்த இரண்டையும் ஆசிரியர்களிடம் எடுத்துச் சொல்வதில் என் வாரத்தில் கணிசமான நேரம் போகிறது.

இனி, முதலில் சொன்ன சங்கடத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பரில், குவாத்தமாலாவிலிருந்து வந்த ஒரு சிறுவன் இரண்டாம் வகுப்பில் சேர்ந்தான். வீட்டு மொழி என்ற இடத்தில் ஸ்பானிஷ் என்று எழுதியிருந்தது. ஸ்பானிஷ் பேசும் ஊழியர் அவனுடைய தாயிடம் விவரம் கேட்டபோது, அவர் எல்லாவற்றுக்கும் 'ஸீ' (ஆம்) என்று தலையசைத்திருக்கிறார். சிறுவனோ யாரிடமும் எதுவும் பேசவில்லை. புதிய மொழிக்குள் வரும் குழந்தைகள் முதலில் சில வாரங்களோ மாதங்களோ பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது இயல்பு. ஆனால் அப்படிப்பட்ட குழந்தைகள் தம் மொழிக்காரரைக் கண்டால் பொரிந்து தள்ளும். இவன் ஸ்பானிஷ் பேசும் குழந்தைகளுக்கு நடுவிலும் அப்படியே இருந்தான். ஆறு வாரங்கள் கழித்து நடந்த கூட்டத்தில், கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று மதிப்பிடப் பரிந்துரைக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. எனக்கு ஒப்பவில்லை என்றாலும், அப்போது என் கையில் காரணம் எதுவும் இல்லை.

அடுத்த வாரம் விளையாட்டு நேரத்தில், நான்காம் வகுப்பில் படிக்கும் அவனுடைய உறவுக்காரச் சிறுமி ஒருத்தியோடு அவன் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். தொண்டையில் வெடித்து வெடித்து வரும் ஒலிகள். ஸ்பானிஷில் அப்படி எதுவும் கிடையாது. என்ன மொழி என்று கேட்டதற்கு, ஏதோ தவறு செய்து பிடிபட்டவளைப்போல் அவள் மெதுவாக 'மாம்' என்றாள். குவாத்தமாலாவில் இருபதுக்கும் மேற்பட்ட மாயன் மொழிகள் வழங்குகின்றன. வேவேதெனாங்கோ, சான் மார்க்கோஸ் போன்ற மேற்கு மலைப்பகுதிகளில் பல லட்சம் பேர் பேசும் மாம் அவற்றில் ஒன்று. அந்தத் தாய்க்கு ஸ்பானிஷ் சந்தையில் பேரம் பேசும் அளவுக்குத்தான் தெரியும். அரசு அலுவலகம் போன்ற ஓர் இடத்தில் 'எனக்கு ஸ்பானிஷ் சரியாக வராது' என்று சொல்ல அவருக்குக் கூச்சம்.

நாட்டின் பெயரை வைத்தே மொழியை முடிவு செய்துவிடுவது எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அதே அலுவலகத்தில் அதற்கு முந்தைய ஆண்டு, ஒரு தமிழ்த் தாய்க்குத் தொலைபேசியில் ஹிந்தி மொழிபெயர்ப்பாளரை இணைத்துக் கொடுத்துவிட்டு, அந்த அம்மா ஏன் விழிக்கிறார் என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். மாம் சிறுவனுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரைத் தேடிப்பிடிக்க மூன்று வாரங்கள் ஆயின. அவர் மாமிலிருந்து ஸ்பானிஷுக்கு மாற்ற, இன்னொருவர் ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்ற, ஒவ்வொரு கேள்வியும் இரண்டு வாய் தாண்டிப் போய் வந்தது. அப்படியும், அந்த ஒரு மணி நேரத்தில் அவன் பாட்டியோடு சந்தையில் உட்கார்ந்து காய்கறி விற்றதையும், மிச்சக் காசு கணக்குப் பார்த்துக் கொடுத்ததையும், ஊரில் விட்டு வந்த ஆட்டுக்குட்டியையும் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தான். குறைபாடு பற்றிய பேச்சு அத்தோடு நின்றது.

இப்போது நம்மவர்களுக்கு. பள்ளியில் சேர்க்கும்போது 'வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள்' என்று ஒரு படிவம் கேட்கும். பிள்ளைக்கு இஎஸ்எல் முத்திரை விழுந்துவிடும் என்ற பயத்தில் அங்கே ஆங்கிலம் என்று எழுதிவிடும் தமிழ்ப் பெற்றோரை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அந்தப் படிவம் எதற்காக வந்தது என்று தெரிந்தால் இப்படிச் செய்ய மாட்டார்கள். சான்ஃபிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் தெரியாத சீன வம்சாவளி மாணவர்கள் ஏறத்தாழ 1,800 பேர் எந்தத் தனி உதவியும் இல்லாமல் வகுப்பில் உட்கார வைக்கப்பட்டதை எதிர்த்துத் தொடரப்பட்ட லாவ் எதிர் நிக்கல்ஸ் வழக்கில், எல்லோருக்கும் ஒரே புத்தகமும் ஒரே ஆசிரியரும் தந்துவிட்டால் மட்டும் சமமாக நடத்தியதாகாது என்று 1974இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குழந்தைக்கு உரிமையாகக் கிடைக்கும் உதவியை நாமே வேண்டாம் என்று எழுதிக்கொடுப்பது வீண் கௌரவம். வேறு மொழியை எழுதினாலும் குழந்தை நேராக இஎஸ்எல்லுக்குப் போய்விடாது. முதலில் ஒரு சிறு தேர்வு வைப்பார்கள், ஆங்கிலம் போதுமான அளவு இருந்தால் அத்தோடு விட்டுவிடுவார்கள்.

சேர்ந்தவர்களுக்கு ஆண்டுதோறும் குளிர்காலத்தில் ஆங்கிலத் திறனை அளக்கும், விடா என்ற அமைப்பின் அக்ஸஸ் தேர்வு நடக்கும்: கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல். வாசிப்புக்கும் எழுத்துக்கும்தான் மதிப்பெண்ணில் அதிக எடை. பேசும் தேர்வில் குழந்தைகள் தலையில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு கணினியிடம் பேச வேண்டும். தோழியிடம் மூச்சுவிடாமல் பேசும் பெண், திரையைப் பார்த்ததும் கிசுகிசுப்பாள். அந்த வாரங்களில் என் வழக்கமான வகுப்புகள் பாதி நின்றுவிடும். இந்த வேலையில் எனக்குப் பிடிக்காத பகுதி இதுதான்.

'என் பையன் சரளமாகப் பேசுகிறானே, இன்னும் ஏன் இஎஸ்எல்லில் வைத்திருக்கிறீர்கள்' என்பது பெற்றோர் சந்திப்பில் தவறாமல் வரும் கேள்வி. கனடாவைச் சேர்ந்த ஜிம் கம்மின்ஸ் என்ற ஆய்வாளர் 1979இல் முன்வைத்த ஒரு வேறுபாடு இதற்குப் பதிலாகும். விளையாட்டு மைதானத்தில் பேசும் ஆங்கிலம் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் வந்துவிடும். 'இந்த இரண்டு ஆறுகளையும் ஒப்பிட்டு வேறுபாட்டை விளக்குக' என்பது போன்ற பாட ஆங்கிலத்துக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள்கூட ஆகும். கூடவே இன்னொன்றையும் சொல்வேன்: வீட்டில் தமிழை நிறுத்திவிடாதீர்கள். அரைகுறை ஆங்கிலத்தில் 'கம், ஈட், ஸ்லீப்' என்று பேசுவதைவிட, வெண்டைக்காய் வாங்கும்போது நுனியை ஒடித்துப் பார்ப்பது ஏன் என்று தமிழில் விளக்கும் தாயிடமிருந்துதான் குழந்தை காரணம் சொல்லக் கற்கிறது. காரணம் சொல்லத் தெரிந்த குழந்தைக்கு 'பிகாஸ்' என்ற சொல்லைக் கற்றுத்தர எனக்கு ஒரு நிமிடம் போதும்.

விண்ணப்பிப்பது பற்றி: சார்பு விசாவில் இருப்பவரானால் முதலில் வேலை அனுமதி இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அனுமதி இல்லையென்றாலும் பல பள்ளிகளில் தன்னார்வலராக வாசிப்பு வேளைக்கு உதவலாம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். வறிய குடும்பத்துக் குழந்தைகள் அதிகமுள்ள பள்ளிகளுக்கு அரசு தரும் டைட்டில் ஒன் நிதியில் வரும் உதவியாளர் பணிகளுக்கு இரண்டு ஆண்டுக் கல்லூரிப் படிப்போ, அதற்கு ஈடான தேர்வோ கேட்பார்கள். நம் ஊர்ப் பட்டத்தை இங்குள்ள நிறுவனம் ஒன்றில் மதிப்பிட்டு வைத்துக்கொண்டால் போதும். சம்பளம் அதிகமில்லை, கோடையில் வேலையும் இராது. ஸ்பானிஷ் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் விண்ணப்பியுங்கள். என் நேர்காணலில் அந்தக் கேள்வி வந்தபோது, தெரியாது, ஆனால் ஒன்பதாம் வகுப்பில் தமிழ்வழியிலிருந்து ஆங்கிலவழிக்கு மாறி, அரையாண்டுத் தேர்வு வரை வகுப்பில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தவள் நான் என்று சொன்னேன். மேசைக்கு எதிரே இருந்த மூவரும் எழுதுவதை நிறுத்திவிட்டு, அந்த அரையாண்டில் எந்த ஆசிரியர் என்ன செய்திருந்தால் உதவியாக இருந்திருக்கும் என்று கேட்டார்கள். மீதி நேர்காணல் முழுவதும் அதைப் பற்றித்தான் பேசினோம்.