கோடை விடியற்காலையில் கேட்க மெல்லிய எலக்ட்ரானிக் நடன இசை மிக்ஸ்கள் நல்லது என்கிறார்களே, அதில் ரசிக்க என்ன இருக்கிறது?

"ஒரு மணி நேரமும் ஒரே டப் டப்தானே, பாட்டு எப்போது தொடங்கும்?" என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வேலைக்கு வந்த புதிதில் நானும் இதையேதான் கேட்டேன்.

அப்போது என் காதில் விழுந்ததெல்லாம் மினிபஸ் டாக்ஸி இசைதான். இங்கே டாக்ஸி என்றால் நம் ஊர் ஷேர் வேன் மாதிரி. ஸ்பீக்கரில் 'கோம்' அலறும். டர்பனைச் சுற்றியுள்ள டவுன்ஷிப்புகளில், அதாவது கறுப்பின மக்களின் புறநகர்க் குடியிருப்புகளில், 2010 வாக்கில் பிறந்த நடன இசை வகை அது. அடி நாம் எதிர்பார்க்கிற இடத்தில் விழாது, நேராக வயிற்றில் வந்து இடிக்கும். காலை ஆறரைக்கு, டீ கூடக் குடிக்காமல். இந்தச் சங்காத்தமே வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

மனம் மாறியது ஒரு நவம்பரில். ஊரில் கார்த்திகை மழை கொட்டும்போது இங்கே கோடை தொடங்கும். ஐந்து மணிக்கு முன்பே சூரியன் கடலிலிருந்து எழுந்துவிடும். அதற்கும் முன்னால் ஹடிடா எழுப்பிவிடும். அரிவாள் மூக்கன் வகைப் பறவைதான், தொண்டை மட்டும் கழுதையிடம் இரவல் வாங்கியது. தூக்கம் போய் பால்கனிக்கு வந்தால், கீழ் வீட்டுப் பையன் கார் கழுவிக்கொண்டே டீப் ஹவுஸ் என்கிற மெல்லிய நடன இசை வகையில் ஒரு மிக்ஸை மெதுவாக ஓடவிட்டிருந்தான். இங்கேயே பிறந்து வளர்ந்த குடும்பம். அவனுக்குத் தமிழ் நாலு வார்த்தை வரும், அவன் ஆயாவுக்கு நன்றாகவே வரும். படியில் உட்கார்ந்து டீ ஆற்றிக்கொண்டிருந்த ஆயா என்னைப் பார்த்து, "சாமி ஊர்வலம் மாதிரி போய்க்கிட்டே இருக்கு, நிக்கவே மாட்டேங்குது" என்றார்.

எனக்கு அங்கேதான் பிடி கிடைத்தது. ஊர்வலத்தில் நாதஸ்வரம் கேட்கும்போது பல்லவி எப்போது வரும் என்று யாரும் காத்திருப்பதில்லை. கூடவே நடப்போம், அவ்வளவுதான்.

சரி, எதைக் கவனிப்பது? இந்த மிக்ஸ்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 120 அடி என்ற காலப்பிரமாணத்தை ஒட்டியே ஓடும், அதாவது அரை விநாடிக்கு ஓர் அடி. ஆதி தாளம் போட்டுப் பாருங்கள். நாலு ஆவர்த்தனம் முடிந்தால் 32 அடி, 16 விநாடி. பெரும்பாலும் அந்த எல்லையில்தான் ஏதாவது ஒன்று உள்ளே வரும், அல்லது ஒன்று சொல்லாமல் கிளம்பிப் போகும். ஒரு கைதட்டல், ஒரு ஷேக்கர், தூரத்தில் ஒரு பியானோ.

அதைவிட ருசி ஒட்டுப்போடும் இடத்தில். மிக்ஸ் என்பதே பல டிராக்குகளை, அதாவது தனித்தனி இசைத் துண்டுகளை, இடைவெளி விடாமல் ஒட்டியதுதான்; ஒட்டுபவர் டிஜே. அடுத்த டிராக்கின் வேகத்தை முதல் டிராக்கோடு பொருத்தி, அதன் பாஸை, அதாவது அடித்தொண்டைச் சத்தத்தை, குறைத்துவிட்டு, மேல் சத்தத்தை மட்டும் டிஜே உள்ளே விடுவார். இரண்டு பாஸும் ஒன்றாக ஒலித்தால் குழம்பிவிடும் என்பதால், ஒரு நொடியில் பழையதை இறக்கிப் புதியதை ஏற்றுவார். நாம் அதே பாட்டுதான் ஓடுகிறது என்று நினைத்திருப்போம், அது எப்போதோ மாறியிருக்கும். பத்து தடவை ஏமாந்த பிறகு ஒருநாள் கையும் களவுமாகப் பிடிப்பீர்கள். எனக்கு வாயெல்லாம் பல்.

மெதுவான நடை இந்த நாட்டுக்குப் பழக்கம். சிகாகோவில் 1980களில் பிறந்த ஹவுஸ் இசை இங்கே வந்ததும் அதை நிதானப்படுத்தி க்வைட்டோ என்ற உள்ளூர் வகை ஆக்கினார்கள், இப்போது அமாபியானோ என்ற புது வகையும் அதே நிதானத்தில் போகிறது. டர்பனின் உம்லாசி டவுன்ஷிப்பில் பிறந்த டிஜே பிளாக் காஃபியில் தொடங்குங்கள். 2022இல் கிராமி இசை விருது வாங்கியவர். 1990இல் மண்டேலா விடுதலைக் கொண்டாட்டக் கூட்டத்தில் கார் மோதி இடது கை செயலிழந்தது. மேலே சொன்ன ஒட்டுவேலை முழுவதையும் அவர் ஒற்றைக் கையால் செய்கிறார். ஆனால் அவருடைய நள்ளிரவு கிளப் மிக்ஸ்கள் விடியலுக்கு ஆகாது, அவசரமாக இருக்கும். அடி விழாமல் முதல் சில நிமிடம் நீண்ட ஸ்வரங்கள் மட்டும் நிற்கிற மிக்ஸாகப் பொறுக்குங்கள்.

ஹெட்போன் வேண்டாம். ஜன்னலைத் திறந்து, பக்கத்தில் பேசுபவர் குரலை உயர்த்தத் தேவையில்லாத அளவுக்கு வைத்தால் போதும். இன்னொன்று, நடுவில் விளம்பரம் வந்தால் மொத்தமும் பாழ், அதனால் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு நானே பால்கனியில் ஒன்றை ஓடவிட்டிருந்தேன். பாஸ் விலகி, எல்லாம் அடங்கி, ஒற்றை ஸ்வரம் மட்டும் நின்ற இடத்தில் ஹடிடா கத்தியது. கீழே படியிலிருந்து ஆயா சிரிக்கிற சத்தம் கேட்டது.