‘கட்’ கொடுத்த கோப்பு எங்கே போகிறது?

கேள்வி: என் கணினியில் ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்குப் படங்களை இழுத்துப் போட்டால் பழைய இடம் காலியாகிவிடுகிறது, பென் டிரைவுக்கு இழுத்தால் இரண்டு இடத்திலும் இருக்கின்றன. ‘கட்’ கொடுத்துவிட்டு ‘பேஸ்ட்’ செய்ய மறந்தால் கோப்பு அழிந்துவிடுமா என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: அந்தப் பயம் வேண்டாம். விண்டோஸில் ஒரு கோப்புக்கு ‘கட்’ கொடுத்தால் அதன் சின்னம் சற்று மங்குமே தவிர, வேறோர் இடத்தில் ‘பேஸ்ட்’ செய்யும் வரை கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். இடையில் மின்சாரம் போய்க் கணினி நின்றாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. கடிதம் தட்டச்சு செய்கையில் இதே கட்டளையை ஒரு பத்திக்குக் கொடுத்தால் பத்தி உடனே மறைந்துவிடுவதால், கோப்பும் அப்படித்தான் போய்விடும் என்று நினைப்பது இயல்பே. ஒரே பெயரில் இரண்டு விதமாக நடக்கும் கட்டளையை வைத்தவர்கள்தாம் இதற்குப் பொறுப்பு. மேக் கணினியில் கோப்பைக் காப்பி செய்துவிட்டு, ஆப்ஷன் விசையையும் சேர்த்து அழுத்தி ‘பேஸ்ட்’ செய்தால் அது இடம் மாறும். எடுக்கும்போது பயமுறுத்தாமல், வைக்கும்போது முடிவு செய்யவிடும் இம்முறையே எனக்குச் சரியாகப் படுகிறது.

இழுத்துப் போடுவதில் விதி இதுதான்: ஒரே டிரைவுக்குள் இழுத்தால் கோப்பு இடம் மாறும், வேறு டிரைவுக்கு இழுத்தால் நகல் உண்டாகும். ஒரே டிரைவுக்குள் கோப்பின் தரவு அசைவதே இல்லை. அது எந்த ஃபோல்டரைச் சேர்ந்தது என்ற பதிவு மட்டும் மாறுகிறது. வேறு டிரைவு என்றால் தரவு முழுவதையும் புதிதாக எழுதியாக வேண்டும். இயந்திரத்தின் இந்த உள்விவகாரத்தைப் பயன்படுத்துபவர் தலையில் கட்டியிருக்க வேண்டியதில்லை. மௌஸின் வலப் பொத்தானை அழுத்தியபடி இழுங்கள். நகலா, இடமாற்றமா என்று விண்டோஸ் உங்களிடமே கேட்கும்.

கேள்வி: பென் டிரைவில் அழித்த கோப்பு ரீசைக்கிள் பின்னில் இல்லையே?

பதில்: பொதுவாக இருக்காது. விண்டோஸ் 95 முதல் இருந்துவரும் அந்தத் தொட்டி, முதன்மையாகக் கணினியின் உள்ளே உள்ள டிரைவுகளுக்கானது. திரையில் தொட்டியின் படத்தைப் பார்ப்பவருக்கு இது எப்படித் தெரியும்? தொடக்கக் கால மேக்கில் ஃபிளாப்பியை வெளியே எடுப்பதற்கே அதைக் குப்பைத் தொட்டிக்கு இழுக்கும் வழக்கம் இருந்தது. பிற்பாடு, டிஸ்க்கை இழுக்கத் தொடங்கியதும் தொட்டியின் சின்னம் வெளியேற்றும் சின்னமாக மாறும்படி திருத்தினார்கள். விண்டோஸிலோ எச்சரிக்கை வாசகம் ஒன்றுதான் துணை: அதில் ‘நிரந்தரமாக’ என்ற சொல் இருந்தால், ‘ஆம்’ என்று அழுத்தும் முன் கோப்பை வேறிடத்தில் காப்பி செய்துகொள்ளுங்கள்.