கையெழுத்து வாங்கியாச்சு, எம்.எல்.ஏ. அசையவில்லை. அடுத்து என்ன?

கேள்வி: எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரி டாக்டர் கிடையாது. ஆயிரம் பேரிடம் கையெழுத்து வாங்கி எம்.எல்.ஏ.விடம் கொடுத்தோம், "பார்க்கலாம்" என்றார், அதோடு சரி. வாட்ஸ்அப் குழுவில் 300 பேர் இருக்கிறோம். வேறு என்ன செய்யலாம்?

பதில்: அந்த மனு இந்நேரம் அவருடைய உதவியாளர் மேசையில் ஏதாவது கட்டுக்கு அடியில் கிடக்கும். யார் எந்த வாக்குச்சாவடி என்று தெரியாதவரை ஆயிரம் கையெழுத்தும் வெறும் தாள்தான். சாவடி வாரியாக யாருக்கு எத்தனை ஓட்டு என்ற விவரம் படிவம் 20-இல் இருக்கிறது, தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் பார்க்கலாம். கட்சிக்காரர்கள் அதைக் கரைத்துக் குடித்திருப்பார்கள், நீங்களும் ஒருமுறை பாருங்கள். அப்புறம் அந்த 300 பேரைச் சாவடி வாரியாகப் பிரித்து, சாவடிக்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

எம்.எல்.ஏ.வைப் போய்ப் பார்க்கும்போது கூட்டம் வேண்டாம், ஆறேழு பேர் போதும். ராத்திரி பிரசவ வலியோடு ஜி.எச்.சுக்கு அலைந்த பெண், அவரை ஏற்றிப்போன ஆட்டோக்காரர், முடிந்தால் எம்.எல்.ஏ.வின் கட்சிக் கிளைச் செயலாளரே ஒருவர். ஆளுக்கு ஒரு கோரிக்கை வைத்தால் எதுவும் நடக்காது, ரோடும் தண்ணியும் இன்னொரு நாளைக்கு.

டாக்டரை நியமிப்பது எம்.எல்.ஏ. கையில் இல்லை, சுகாதாரத் துறை வேலை அது. அதனால் "டாக்டர் வேண்டும்" என்று பொதுவாகக் கேட்காமல், அவரால் முடிந்ததைக் கேளுங்கள்: சட்டமன்றத்தில் ஒரு கேள்வி, அமைச்சருக்கு லெட்டர்பேடில் ஒரு கடிதம், மருத்துவத் துறை மானியக் கோரிக்கை (துறைக்கான பணத்துக்குச் சட்டமன்றத்திடம் ஒப்புதல் கேட்பது) விவாதத்தில் ஊர்ப் பெயர் சொல்லி இரண்டு நிமிடப் பேச்சு. பட்ஜெட்டுக்குப் பிறகுதான் மானியக் கோரிக்கை வரும், ஆனால் விவாதத்துக்கு முந்தின நாள் போய் நின்றால் பிரயோஜனமில்லை, சில வாரம் முன்பே போங்கள்.

வெறுங்கையோடு போகாதீர்கள். அனுமதிக்கப்பட்ட டாக்டர் பணியிடம் எத்தனை, காலி எத்தனை, எப்போதிலிருந்து காலி என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி இப்போதே கேட்டுவிடுங்கள், 30 நாளில் பதில் தரவேண்டும். அடுத்த கிராம சபையில் (ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, எது முன்னால் வருகிறதோ அது) இதைத் தீர்மானமாகப் போட்டு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டையும் இணைத்து ஒரே பக்கத்தில் மனு எழுதுங்கள், மூன்று பக்கம் எழுதினால் யாரும் படிக்கப்போவதில்லை.

பார்த்துவிட்டு வந்த அன்றே அவர் என்ன சொன்னார் என்று உதவியாளருக்கு எழுத்தில் அனுப்பிவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து வேறு சாவடி ஆட்கள் போய் அதே கேள்வியைக் கேட்கட்டும்.