கூலிப்படையின் நீராவி யந்திரம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மிகுபுனைவு நாவல் ஒன்று எழுதுகிறேன். அதில் ஒரு கூலிப்படையிடம் நீராவியில் நடக்கும் போர் யந்திரம் இருக்கிறது. எடை 20 டன். எந்தக் குண்டும் துளைக்காத கவசம். மூன்று நாள் நிற்காமல் நடக்கும். படித்த நண்பர்கள் நம்பும்படி இல்லை என்கிறார்கள். எங்கே தவறுகிறேன்?

வாசகர், அல்சூர், பெங்களூரு

அன்புள்ள நண்பருக்கு,

கவசம் இருக்கட்டும். நீங்கள் தண்ணீரை மறந்துவிட்டீர்கள்.

20 டன்னை மேடுபள்ளத்தில் ஆள் நடக்கும் வேகத்தில் நகர்த்த 40 குதிரைத்திறனாவது வேண்டும். ஓர் உழவு டிராக்டரின் பலம் அது. பழைய நீராவி இன்ஜின் கரியின் வெப்பத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கைத்தான் வேலையாக மாற்றும். ஆக, மணிக்கு 80, 90 கிலோ கரி. கிலோவுக்கு ஏழு லிட்டர் வீதம் மணிக்கு 600 லிட்டர் தண்ணீர். மூன்று நாளுக்கு 43,000 லிட்டர்! கோடையில் உங்கள் தெருவுக்கு வரும் 6,000 லிட்டர் டேங்கரில் ஏழு லோடு. 1770 வாக்கில் பிரெஞ்சு ராணுவத்துக்காகப் பொறியாளர் க்யூன்யோ செய்த, பீரங்கி இழுக்கும் நீராவி வண்டியே கால் மணிக்கொரு தரம் நின்று ஆவி சேர்க்க வேண்டியிருந்தது.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். போர்வெல் தண்ணீர் ஓடும் வீட்டில் கீசரின் காயிலைக் கழற்றிப் பாருங்கள்: சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாக, நகத்தால் சுரண்டினால் செதிலாக உதிரும். பாய்லரில் அதே உப்பு படிந்தால் சூடு தண்ணீருக்குப் போகாமல் தகட்டிலேயே தங்கும். தகடு பழுத்து, இளகி, புடைக்கும். அதனால் உங்கள் படைத்தலைவன் ஓர் ஊருக்குள் நுழைந்ததும் மழைநீர்க் குளம் எங்கே என்றுதான் கேட்பான். சில நாளுக்கொருமுறை பாய்லரை ஆறவிட்டுச் சுரண்டவும் வேண்டும்.

பெரிய ஆபத்து சரிவில் இறங்கும்போது. தண்ணீர் முன்பக்கம் சாய்ந்து, அடுப்பின் கூரைத்தகடு தண்ணீருக்கு மேலே தெரிந்து, பழுத்துவிடும். அதற்காகவே அந்தத் தகட்டில் ஈயம் அடைத்த பித்தளைத் திருகு ஒன்று வைப்பார்கள். 327 டிகிரியில் ஈயம் உருகும், ஆவி அடுப்புக்குள் சீறும், ஆட்கள் எச்சரிக்கையாவார்கள். சம்பளம் வராத ஒருவன் அந்த இடத்தில் இரும்பு போல்ட்டை முறுக்கிவைத்தால் உங்களுக்கு ஓர் அத்தியாயமே கிடைத்துவிடும்.

இனி, உடைந்தால் சரிசெய்வது. அரசனின் படைக்குப் பின்னால் பட்டறை இருக்கிறது. கூலிப்படைக்கு வழியில் அகப்படும் கொல்லன்தான். 1420களில் பொஹீமியாவில் (இன்றைய செக் நாடு) படைத்தலைவர் ஷிஷ்கா உழவர் வண்டிகளையே கோட்டையாக்கினார். அந்த முறையில் பழகிய வீரர்களை அக்கம்பக்க நாடுகள் பின்னாளில் கூலிக்கு அமர்த்தின. உடைந்தால் எந்த ஊர்த் தச்சனும் சரிசெய்யக்கூடிய வண்டி அது. உங்கள் யந்திரத்திலும் இடது காலின் உறுப்பு வலது காலுக்குப் பொருந்தட்டும். எல்லா போல்ட்டும் ஒரே அளவில் இருக்கட்டும். வார்ப்பிரும்பு விரிசல் விட்டால் களத்தில் ஒட்ட முடியாது. ரிவெட் அடித்த தகடென்றால் ஒட்டுப் போடலாம். பேரிங்குக்கு வெள்ளீயக் கலவை போதும். தேய்ந்துவிட்டால் விறகடுப்பிலேயே உருக்கி மறுபடி வார்க்கலாம்.

குளிர்ந்த பாய்லரில் ஆவி ஏறச் சில மணி நேரமாகும். விடியலில் தாக்க வேண்டுமென்றால் நள்ளிரவிலேயே அடுப்பு மூட்ட வேண்டும். அந்த வெளிச்சமும் புகையும் எதிரிக்குத் தெரியாமல் இருக்க என்ன செய்வார்கள் என்று எழுதுங்கள். மூன்று நாளை ஆறு மணி நேரமாக்குங்கள். தண்ணீர் வண்டி ஓட்டுபவனுக்கு ஒரு பெயர் வையுங்கள்.