'பிளேட் கொண்டு வா' என்றால் வெறும் தட்டு இல்லை, தம்பி!

ஆஸ்திரேலியாவில், மெல்பனில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன், ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியும் ஆபீஸில் பேசுவது பாதி புரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். சனிக்கிழமை விருந்துக்கு 'பிரிங் எ பிளேட்' என்றார்களாம், அவர்கள் வீட்டில் தட்டுக்குப் பஞ்சமா என்று வேறு சந்தேகம். ஆளுக்கொரு பதார்த்தம் செய்து எடுத்து வரவேண்டும் என்பதுதான் அதற்குப் பொருள். வெறும் தட்டோடு போய் நின்ற நம்மாட்கள் உண்டு. நீங்கள் மசால் வடை கொண்டு போங்கள், நிமிஷத்தில் காலியாகும்.

இங்கே பேச்சில் புழங்கும் மற்ற சொற்களுக்கெல்லாம் பெரும்பாலும் ஒரே சூத்திரம்தான். நீளமான சொல்லை நடுவில் வெட்டி, வாலில் ஒரு 'ஓ'வோ 'ஈ'யோ ஒட்டிவிடுவார்கள். ஆஃப்டர்நூன் 'ஆவோ', பெட்ரோல் பங்க், அதாவது சர்வீஸ் ஸ்டேஷன், 'சர்வோ', மதுக்கடை 'பாட்டில்-ஓ', தீயணைப்புக்காரர் 'ஃபயரி'. தச்சர், பிளம்பர் எல்லோரும் 'டிரேடி'. அவர்களுடைய டீ நேரம் 'ஸ்மோகோ'. சிகரெட்டையே தொடாதவரும் ஸ்மோகோவுக்குத்தான் போவார். ஊரே 'மேக்காஸ்' என்று சொல்லிச் சொல்லி, 2013இல் மெக்டொனால்ட்ஸ் நிறுவனமே சில கடைகளில் பெயர்ப்பலகையை அப்படி மாற்றி மாட்டியது. இன்று உலகம் முழுக்கப் புழங்கும் 'செல்ஃபி'யும் இந்தப் பட்டறைச் சரக்குதான். 2002இல் ஓர் ஆஸ்திரேலியர், போதையில் விழுந்து உதட்டைக் கிழித்துக்கொண்ட படத்தைப் போட்டு இணையத்தில் எழுதினார். அச்சொல்லுக்குத் தெரிந்தவரை அதுவே மிகப் பழைய பதிவு.

சூத்திரத்தில் அடங்காதவைதான் ருசி. உங்கள் மேலாளர் யாரையோ பற்றி 'ஹரால்ட் ஹோல்ட் பண்ணிவிட்டான்' என்றாரே, அந்த ஹோல்ட் இந்நாட்டுப் பிரதமராக இருந்தவர். பதவியில் இருக்கும்போதே, 1967 டிசம்பரில், செவியட் கடற்கரையில் நீந்தப் போனார். திரும்பவே இல்லை, உடலும் கிடைக்கவில்லை. ஓட்டமெடுப்பதற்கு இங்கே 'போல்ட்' என்பார்கள். ஹோல்ட்டும் போல்ட்டும் எதுகையில் பொருந்திப் போக, சொல்லாமல் கொள்ளாமல் நழுவுகிறவர்களுக்கெல்லாம் அவர் பெயர். செத்தவரை வைத்து இப்படியா என்று முதலில் எனக்கும் கூசியது. இதே மெல்பனில் ஒரு நீச்சல்குளத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள், அதுவும் முழு மரியாதையோடு!

'பிராட்பரி பண்ணினான்' என்பதையும் கேட்பீர்கள். 2002 குளிர்கால ஒலிம்பிக் பனிச்சறுக்கு ஓட்ட இறுதிப் போட்டியில் ஆஸ்திரேலிய வீரர் ஸ்டீவன் பிராட்பரி கடைசியில் வந்துகொண்டிருந்தார். கடைசித் திருப்பத்தில் முன்னால் போன நால்வரும் மோதிச் சரிய, விழாமல் வந்த இவர் தங்கத்தை வாங்கிப்போனார். அடித்துப் பிடித்து ஓடாமல் அதிர்ஷ்டத்தில் பதவி உயர்வு வாங்கும் ஆள் உங்கள் ஆபீஸிலும் இருப்பார்.

சிலவற்றில் மட்டும் ஜாக்கிரதை. 'யே, நா' என்றால் இல்லை. 'நா, யே' என்றால் ஆமாம். கடைசியில் வருவதுதான் பதில். 'ஹவ் யா கோயிங்' என்பவரிடம் 'டிரெயினில்' என்று சொல்லிவிடாதீர்கள், அது நலம் விசாரிப்பு. 'தாங்ஸ்' என்பது ஹவாய் செருப்பு. நிஜமாகவே காய்ச்சல் வந்தால் 'சிக்கி' போடுகிறேன் என்று சொல்லவே கூடாது, அது பொய்க் காய்ச்சல் லீவு.

இதெல்லாம் காதுக்குத்தான், வாய்க்கு இப்போது வேண்டாம். வந்த புதிதில் 'குடே மைட்' என்று வலிந்து சொன்னால், நம்மூருக்கு வந்த வெள்ளைக்காரர் 'பல்பு வாங்கிட்டேன் மச்சி' என்பதுபோல் இருக்கும். 'போகன்' என்ற சொல்லைத் தொடவே தொடாதீர்கள். நாகரிகம் தெரியாத பட்டிக்காடு என்கிற தொனி அதில் உண்டு. தங்களுக்குள் சொல்லிச் சிரிப்பார்கள், நாம் சொன்னால் சிரிக்க மாட்டார்கள். பொருள் தெரியாவிட்டால் கூச்சப்படாமல் கேளுங்கள். விளக்கிச் சொல்வதில் அவர்களுக்கு அலாதிப் பெருமை, ஒன்று கேட்டால் நான்கு சொல்லித்தருவார்கள்.

அடுத்த தேர்தலன்று, அது சனிக்கிழமைதான், பக்கத்துப் பள்ளிக்கூடம் வரை போய்வாருங்கள். வாக்களிக்க வருகிறவர்களுக்குப் பள்ளி நிதிக்காக வாசலில் சாசேஜ் சுட்டு விற்பார்கள். அதற்குப் பெயர் 'டெமாக்ரசி சாசேஜ்'. ஆஸ்திரேலிய தேசிய அகராதி மையம் 2016இன் சொல்லாக அதைத்தான் தேர்ந்தெடுத்தது. உங்களுக்கு இன்னும் ஓட்டு இல்லை, ஆனால் சாசேஜ் விற்பவர் குடியுரிமைச் சான்றிதழ் கேட்க மாட்டார்.